சுவரில் ஓர் ஆணி

(வர்த்தகர் சங்க ஆண்டுக் கூட்டத்தில், 'நிறுவனத்தின் பெயரும் அன்பளிப்புகளும்' என்ற தலைப்பில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் சிவகாசி காலண்டர் ஆல்பத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் பஸ் ஏறியவன். பிறகு டைரி, பேனா, பை, குடை என்று கம்பெனிகள் பெயர் போட்டுக் கொடுக்கிற எல்லாவற்றிலும் கைவைத்தவன். அதனால் என்னிடம் மார்க்கெட்டிங் பாடம் எதிர்பார்க்காதீர்கள். ஒரு பொருள் நம் கையைவிட்டுப் போன பிறகு யார் வீட்டுக்குப் போகிறது, எந்த மூலையில் கிடக்கிறது, யார் எடுத்துப் புழங்குகிறார்கள் என்று பார்த்துப் பழகியதைத்தான் சொல்லப்போகிறேன்.

தினசரி காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் காலையில் எழுந்ததும் அந்தத் தாளைக் கிழிப்பதற்கென்று ஒருவர் இருப்பார். பெரும்பாலும் வீட்டுக்குப் பெரியவர். உள்ளங்கை அகலத் தாள்தான். ஆனால் அதில் என்னென்ன இருக்கிறது பாருங்கள். ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, ஹிஜ்ரி தேதி, திதி, நட்சத்திரம், யோகம், நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், அதற்குப் பரிகாரம், யாருக்குச் சந்திராஷ்டமம், பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு சொல்லில் பலன். மகனுக்கு 'வரவு' என்று போட்டிருந்தால் அம்மா சிரிப்பார். தனக்கு 'அலைச்சல்' என்று போட்டிருந்தால் அப்பா அன்றைக்கு வெளியூர்ப் பயணத்தை ஒருமுறைக்கு இரண்டுமுறை யோசிப்பார். கிழித்த தாளையும் தூக்கிப் போடுவதில்லை. அதன் பின்பக்கத்தில்தான் பால் கணக்கும் மளிகைச் சீட்டும்.

இத்தனை வேலையையும் தாள் செய்கிறது. உங்கள் கடைப் பெயர் ஒரு வேலையும் செய்யாமல் மேலே அட்டையில் உட்கார்ந்திருக்கிறது. உட்காரட்டும். அந்த வீட்டுக் கூடத்தில், சாமி படத்துக்குப் பக்கத்தில், வருஷம் 365 நாளும் உட்கார இடம் கிடைத்ததே, அது போதாதா? எந்த நாளிதழிலும் எந்தத் தொலைக்காட்சியிலும் எவ்வளவு பணம் கொடுத்தாலும் அந்த இடத்தை வாங்க முடியாது. வீட்டுக்காரர் தானே சுத்தியலை எடுத்து ஆணி அடித்து உங்கள் பெயரை மாட்டுகிறார்.

ஆனால் அந்த ஆணிக்குப் போட்டி அதிகம். பொங்கலுக்குள் ஒரு வீட்டுக்கு நாலைந்து காலண்டர் வந்து சேர்ந்துவிடுகிறது. நகைக்கடை, ஜவுளிக்கடை, மருந்துக்கடை, அரிசி மண்டி, இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். ஆணியோ இரண்டு, மிஞ்சினால் மூன்று. எது மாட்டப்படும்? கண்ணாடி போடாமலே தேதி தெரிகிறதா, முகூர்த்த நாளும் அமாவாசையும் சரியாக இருக்கிறதா, படம் லட்சணமாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். முதலாளியின் போட்டோவைப் பெரிதாகப் போட்டு, கிளைகள் எல்லாவற்றின் முகவரியையும் நெருக்கி அடித்து, ஒரு மூலையில் தாளை ஒட்டிக் கொடுத்தால் அது பரணுக்குப் போகும். அங்கிருந்து, அட்டை கெட்டியாக இருந்தால், ஒரு கிளிப்பைப் போட்டுப் பிள்ளைகள் பரீட்சை எழுத எடுத்துக்கொண்டு போவார்கள். பரீட்சை ஹாலுக்காவது உங்கள் பெயர் போகிறதே என்று ஆறுதல்பட்டுக்கொள்ளலாம்.

கோயில் டியூப் லைட்டை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். 'உபயம்' என்று தொடங்கி, கொடுத்தவர் பெயர், அப்பா பெயர், ஊர், தொழில் எல்லாம் சிவப்பு பெயிண்டில் எழுதி, எழுத்துக்கு நடுவே இருக்கிற இடைவெளியில்தான் கொஞ்சம் வெளிச்சம் வரும். நம் கம்பெனி அன்பளிப்புகளில் பாதிக்கும் மேலே அந்த டியூப் லைட்தான். பெயர் பெரிதாகப் பெரிதாகப் பொருள் சிறுத்துப்போகிறது. நான் ஆர்டர் எடுக்கும்போது முதலாளிகள் சொல்கிற முதல் வார்த்தை, "லோகோவை இன்னும் கொஞ்சம் பெருசாப் போடுங்க." சட்டைப்பைக்குக் குறுக்கே ஒரு சாண் எழுத்தில் கம்பெனி பெயர் போட்ட டீ-ஷர்ட்டை யார் போட்டுக்கொண்டு வெளியே போவார்கள்? வீட்டில் ஒட்டடை அடிக்கும்போது போட்டுக்கொள்வார்கள். ஸ்கூட்டர் துடைக்க எடுத்துக்கொள்வார்கள்.

இந்த இடத்தில் சிவகாசியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் என் மனம் கேட்காது. 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டி வந்தது, பட்டாசு வந்தது. இரண்டுக்கும் மேலே ஒட்ட வண்ண லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்காக வந்த அச்சகங்கள் பிறகு காலண்டருக்குக் கை நீட்டின. இன்றைக்கும் ஆடிப்பெருக்கு அன்றுதான் அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பங்களைப் பூஜை போட்டு வெளியிடுகிறார்கள். காவிரிக் கரையில் புதுத் தாலிக்கயிறு மாற்றுகிற நாளில், காவிரியே பாயாத ஊரில் அடுத்த வருஷத்து முருகனும் லட்சுமியும் ரெடி.

ஆல்பத்தில் ஒரே முருகன்தான். அதே படம் தேனியில் உரக்கடைக்காரர் பெயரோடு போகும், கும்பகோணத்தில் பாத்திரக்கடைப் பெயரோடு போகும். படம் பொது, கீழே அடிக்கிற பெயர் மட்டும் தனி. அந்தப் படங்களை யார் வரைந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? கோவில்பட்டியில் இருந்து வரைந்த கொண்டையராஜு என்ற பெயரை நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. 1898-இல் பிறந்து 1976-இல் மறைந்தவர். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்தவர். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வங்களைத்தான் பல தலைமுறை நம் பூஜை அறைகளில் கும்பிட்டிருக்கிறது. நாடக மேடைத் திரையின் மாளிகைத் தூண்களும் பூந்தோட்டமும் அப்படியே தெய்வத்துக்குப் பின்னால் வந்து நின்றன.

இதில் நம் தொழிலுக்கு உள்ள விஷயம் என்னவென்றால், வருஷம் முடிந்ததும் மாதத் தாளைக் கிழித்துவிட்டுப் படத்தைக் கண்ணாடிக் கடைக்குக் கொண்டுபோய்ச் சட்டம் போட்டுக்கொண்டார்கள். அப்போது கடைக்காரர் கேட்பார், "கீழ இருக்கிற பேரை வெட்டிரவா, இருக்கட்டுமா?" பெயர் அடக்கமாக, பூ வேலைக்கு நடுவே ஒரு வரியாக இருந்தால், "இருந்துட்டுப் போகட்டும்" என்பார்கள். அகலமாகச் சிவப்புப் பட்டை போட்டு இரண்டு போன் நம்பரும் இருந்தால் கத்தி பாயும். கடை மூடிப் போய், முதலாளியும் காலமாகி, பேரன்கள் வேறு தொழிலுக்குப் போன பிறகும் ஊதுவத்திப் புகைக்கு நடுவே அந்தக் கடைப் பெயர் இருக்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வருஷத்துக்கு என்று கொடுத்த பொருள்தான்.

வெளிநாட்டில் இந்த அடக்கத்தைச் சரியாகப் பிடித்தவர்கள் மிஷலின் சகோதரர்கள். பிரான்ஸில் டயர் செய்தவர்கள். 1900-இல் அந்த நாடு முழுவதிலும் மூவாயிரம் மோட்டார் வண்டிகூட இல்லை. டயர் விற்க வேண்டுமென்றால் வண்டி ஓட வேண்டும். வண்டி ஓட வேண்டுமென்றால் போகிற வழியில் பெட்ரோல் எங்கே கிடைக்கும், பஞ்சர் எங்கே பார்ப்பார்கள், எங்கே சாப்பிடலாம், எங்கே தங்கலாம் என்று தெரிய வேண்டும். இதையெல்லாம் ஒரு சிறு சிவப்புப் புத்தகமாகப் போட்டு, ஏறக்குறைய 35,000 பிரதிகளை இலவசமாகக் கொடுத்தார்கள். 'எங்கள் டயர் நல்ல டயர்' என்று பக்கத்துக்குப் பக்கம் புலம்பவில்லை. இன்றைக்கு உலகத்தில் சமையல்காரர்கள் எல்லாம் மிஷலின் நட்சத்திரம் கிடைக்குமா என்று தவம் கிடக்கிறார்களே, அது அந்த இலவசப் புத்தகத்தின் வழி வந்ததுதான்.

அந்தக் கதைக்கு இன்னொரு பாதி உண்டு. ஒரு பட்டறைக்குப் போன ஆந்திரே மிஷலின், ஆடுகிற மேஜைக் காலுக்கு முட்டுக்கொடுக்கத் தன் புத்தகத்தை அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தாராம். காசு கொடுக்காமல் வந்ததற்கு இவ்வளவுதான் மரியாதை என்று 1920 முதல் அதற்கு விலை வைத்துவிட்டார்கள். மேஜைக் கால் கதையைக் கொஞ்சம் மெருகேற்றியிருப்பார்கள் என்பது என் சந்தேகம். விலை வைத்தது உண்மை. எல்லோருக்கும் அள்ளி விடுகிற பொருளுக்கு மதிப்புக் குறையும் என்பதும் உண்மை. நம் ஊரிலும் வாசலில் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்து, வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் கொடுத்த காலண்டர், மறுநாள் டீக்கடையில் வடை மடிக்க வந்துவிடும்.

எப்படிக் கொடுக்கிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. காய்கறிக்கார அம்மாவைப் பாருங்கள். எடை போட்டு, காசு வாங்கி, பையில் கொட்டி எல்லாம் முடிந்த பிறகு, நாம் திரும்பும்போது, "இந்தாங்க" என்று ஒரு கொத்துக் கறிவேப்பிலையைப் போடுவார். கொசுறு. பூக்காரர் முழம் அளந்து முடித்த பிறகு விரல் நீளத்துக்குக் கூட விடுவார். அதே கறிவேப்பிலையை எடைக்கு முன்னாலேயே தராசில் போட்டிருந்தால் நமக்கு ஒன்றும் தோன்றாது.

இதை அமெரிக்காவில் ஆராய்ச்சியாகவே செய்து பார்த்துவிட்டார்கள். டேவிட் ஸ்ட்ரோமெட்ஸ் என்ற உளவியல் பேராசிரியரும் மற்றவர்களும் 2002-இல் வெளியிட்டார்கள். ஓட்டலில் பில்லோடு சாக்லெட் கொடுத்தால் டிப்ஸ் கூடுமா என்பது கேள்வி. எதுவும் கொடுக்காதபோது பில் தொகையில் சுமார் 19 சதவீதம் டிப்ஸ். ஆளுக்கு ஒரு சாக்லெட் கொடுத்தால் பெரிய மாற்றமில்லை. இரண்டு கொடுத்தால் 21 சதவீதத்துக்கு மேலே. நான்காவது முறைதான் வேடிக்கை. ஒரு சாக்லெட்டைக் கொடுத்துவிட்டுப் பரிமாறுகிறவர் நகர்கிறார். ஏதோ நினைத்துக்கொண்டது போலத் திரும்பி வந்து, இன்னொன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். அதே இரண்டு சாக்லெட்தான். டிப்ஸ் 23 சதவீதத்துக்குப் போய்விட்டது. நம் கறிவேப்பிலை அம்மாவுக்கு இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டினால், "இதுக்கா இவ்வளவு செலவு பண்ணாங்க?" என்று கேட்பார்.

நம் கடைகளில் என்ன செய்கிறோம்? டிசம்பர் கடைசியில் வாடிக்கையாளர் வந்து, "தம்பி, காலண்டர் வந்துருச்சா?" என்று கேட்டால், கல்லாவில் இருக்கிற பையன், "பில்லு எவ்வளவுக்குப் போட்டீங்க? அஞ்சாயிரத்துக்கு மேலதான்" என்கிறான். இருபது வருஷமாக வருகிறவரிடம் இப்படி ஒரு கேள்வி! காலண்டரைக் கேட்டு வாங்குவதே ஒருவருக்குக் கூச்சமான காரியம். அதற்கு மேலே தகுதிச் சான்றிதழும் கேட்டால் அவர் காலண்டரையும் வாங்கமாட்டார், பொங்கலுக்கு வேட்டியும் அங்கே எடுக்கமாட்டார். வாடிக்கையாளர் பட்டியல் ஒன்று போட்டு, முதலாளியோ அவர் வீட்டுப் பிள்ளையோ கையில் கொடுக்கிற நூறு காலண்டர், கல்லாவில் வீசுகிற ஆயிரம் காலண்டருக்கு மேல். அச்சடிக்கிறவனே இப்படிச் சொல்லலாமா என்று எங்கள் ஆட்கள் கோபித்துக்கொள்வார்கள்.

கம்பெனிக்குக் கம்பெனி கொடுக்கிற தீபாவளி அன்பளிப்பில் இன்னொரு கூத்து. சுவீட் பாக்ஸும் முந்திரி பாதாம் பெட்டியும் நேரே எம்.டி. அறைக்குப் போகிறது. அங்கே ஏற்கெனவே நாற்பது பெட்டி. யார் கொடுத்தது என்ற சீட்டைக்கூடப் பிரிக்காமல் டிரைவருக்கும் உறவுக்காரருக்கும் கை மாறுகிறது. இரவு பத்து மணிக்கு உங்கள் லாரி போனாலும் கேட்டைத் திறந்து சரக்கை இறக்கி வைத்துக்கொள்கிற ஸ்டோர் கீப்பருக்கு ஒன்றும் கிடையாது. அவருக்கு ஒரு நல்ல பிளாஸ்க் கொடுத்திருந்தால், வருஷம் பூராவும் அவர் மேஜையில் உங்கள் பெயர் நின்றிருக்கும்.

பொருளின் தரத்தைப் பற்றிச் சொல்ல ஒரே ஒரு சம்பவம் போதும். பி.வி.சி. பைப் வியாபாரி ஒருவர், ஊரைச் சொல்லவில்லை, பிளம்பர்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுக்க ஆசைப்பட்டார். என்னிடம் மூன்று சாம்பிள். விலை குறைந்ததைப் பிடித்துக்கொண்டார். மூடி சரியில்லை என்று சொன்னேன். எண்ணிக்கைதான் முக்கியம் என்றார். வினியோகமும் தடபுடலாக நடந்தது. அடுத்த வாரமே ஒரு பிளம்பர் நனைந்த பையோடு கடைக்கு வந்து, கூட்டத்துக்கு நடுவே கேட்டார்: "அண்ணாச்சி, பாட்டிலே ஒழுகுதே, பைப்பு எப்படி நிக்கும்?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பைப் நல்ல பைப்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் ஜனங்கள் கைக்கு வந்த பொருளை வைத்துத்தான் கம்பெனியை எடைபோடுகிறார்கள். கொடுக்காமல் இருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். காசு செலவழித்துக் கெட்ட பெயர் வாங்கியதுதான் மிச்சம்.

அவரவர் தொழிலோடு ஒட்டின பொருளாக இருந்தால் இன்னும் விசேஷம். சிமெண்ட் கம்பெனிக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். வீடு கட்டுகிறவர் எந்த சிமெண்ட் வாங்குவது என்று கொத்தனாரைத்தான் கேட்பார். அதனால் கொத்தனாருக்கு இன்ச் டேப், தொப்பி, சாமான் பை. அந்த டேப்பை அவர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை இழுக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். விதைக் கம்பெனிகள் விவசாயிக்குத் துண்டு கொடுக்கின்றன. வெயிலுக்குத் தலையில், வியர்வைக்குத் தோளில். மரச்சாமான் கடைக்காரர் தச்சருக்குத் தட்டைப் பென்சில் கொடுக்கலாம். அதே தச்சருக்குத் தோல் அட்டை போட்ட டைரி கொடுத்து என்ன பயன்?

அந்தஸ்துக்காகக் கொடுக்கிற அன்பளிப்பு வேறு வகை. அதில் நம் நாட்டு ஏர் இந்தியா செய்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். 1967-இல், முதல் வகுப்புப் பயணிகளுக்குக் கொடுக்க ஒரு சாம்பல் கிண்ணம் வடிவமைத்துத் தரும்படி சால்வடோர் டாலியிடம் கேட்டார்கள். அவரேதான், பெரிய மீசைக்காரர், உருகி வழிகிற கடிகாரம் வரைந்தவர். அவர் செய்து கொடுத்தது சிப்பி போன்ற பீங்கான் கிண்ணம். அதைத் தாங்க யானைத் தலையும் அன்னமும். தலைகீழாகப் பார்த்தால் யானையின் தலை அன்னமாகத் தெரியும், அன்னம் யானையாகத் தெரியும். கூலி என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, ஒரு யானைக்குட்டி வேண்டும் என்றார். ஏர் இந்தியாக்காரர்களும் அசரவில்லை. பெங்களூரிலிருந்து ஒரு குட்டியை ஜெனீவாவுக்கு விமானத்தில் அனுப்பி, அங்கிருந்து லாரியில் ஸ்பெயினுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். செய்தது சில நூறு கிண்ணங்கள்தான். பத்திரிகைகளில் வந்த பேச்சுக்கும், இன்றைக்கும் அதை ஏலத்தில் தேடுகிறவர்களுக்கும் கணக்கில்லை.

யானை வாங்கிக் கொடுக்கிற நிலையில் நம்மில் யாரும் இல்லை. நான் இதைச் சொன்னது வேறு காரணத்துக்காக. அந்தக் கிண்ணத்தைப் பார்த்தவர்களுக்கு, பயணியை மகாராஜாவாக நடத்துகிற கம்பெனி இது என்று சொல்லாமலே தெரிந்தது. நம் ஊர் மாவு மில்காரர், தன் மாவு எப்படிப்பட்டது என்று தெரிகிற மாதிரி ஒரு நல்ல பித்தளை உழக்கு கொடுத்தால் எனக்கு அதுவே டாலி.

இப்போது பைக்கு வருகிறேன். ஜவுளிக்கடையில் கல்யாணத்துக்கு எடுத்து முடித்து, பில் போட்ட பிறகு, பெண் வீட்டு அத்தை ஒருவர் கவுண்டருக்குப் போய், "தம்பி, இன்னும் ரெண்டு கட்டைப்பை குடுப்பா" என்பார். துணியில் பத்து ரூபாய் குறைக்காததைக்கூட மறந்துவிடுவார்கள்; பை கொடுக்காததை மறக்கமாட்டார்கள். அந்தப் பை ரேஷன் கடைக்குப் போகிறது, ஆஸ்பத்திரிக்கு மாற்றுத்துணி கொண்டுபோகிறது, பஸ்ஸில் மேல் கம்பியில் தொங்குகிறது. கைப்பிடி கழன்றால் தைத்துக்கொள்கிறார்கள். முன்பு மஞ்சப்பை இருந்தது. அதைக் கையில் பிடித்தால் பட்டிக்காட்டான் என்று சினிமாவில் கேலி செய்தோம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியது. கேலி செய்தவர்கள் இன்று கல்யாணத்தில் தாம்பூலத்தை மஞ்சப்பையில் போட்டுப் பெருமையாகக் கொடுக்கிறோம்.

பைக்குக் காசு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். சண்டிகரில் 2019-இல் நடந்தது. நாடறிந்த ஒரு காலணி நிறுவனம், செருப்பு வாங்கியவரிடம் காகிதப் பைக்கு 3 ரூபாய் வாங்கியது. பையில் கம்பெனி பெயர். 'உங்கள் விளம்பரத்தை நான் காசு கொடுத்துச் சுமக்க வேண்டுமா?' என்பதுதான் அவர் வாதம். நுகர்வோர் மன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லி, அபராதமும் இழப்பீடுமாக 9,000 ரூபாய் கட்டச் சொன்னது. 3 ரூபாய்ப் பைக்கு!

அன்பளிப்பு எங்கே கைக்கூலியாகிறது என்ற கேள்வி எல்லார் மனதிலும் இருக்கும், யாரும் வாய்விட்டுக் கேட்கமாட்டீர்கள். மருந்துத் தொழிலைப் பார்த்தால் போதும். மருந்துக் கம்பெனிகள் டாக்டர்களுக்குப் பேனாவில் தொடங்கி எங்கெங்கோ போய்விட்டன. 2009 டிசம்பரில் இந்திய மருத்துவக் கவுன்சில் டாக்டர்கள் அன்பளிப்பு வாங்கக் கூடாது என்றது. அதே 2009 தொடக்கத்தில் அமெரிக்க மருந்துக் கம்பெனிகள், பெயர் போட்ட பேனாவும் காபிக் கோப்பையும்கூடக் கொடுப்பதில்லை என்று தாங்களாகவே விதி போட்டுக்கொண்டன. 2022 பிப்ரவரியில், சென்னையைச் சேர்ந்த ஒரு மருந்து நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம், டாக்டர்களுக்குக் கொடுத்த தங்கக் காசு, டி.வி., ஃபிரிட்ஜ் போன்றவற்றை வியாபாரச் செலவாக வருமான வரியில் கழிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. 2024-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிமுறையில், புத்தகம், காலண்டர், டைரி போன்றவை, ஒவ்வொன்றும் 1,000 ரூபாய்க்கு மிகாமல், கொடுக்கலாம் என்று இடம் விட்டிருக்கிறார்கள். காலண்டர் அங்கேயும் தப்பித்துவிட்டது பாருங்கள்.

நானே வைத்துக்கொண்டிருக்கிற ஒரு கணக்கு உண்டு. கொடுக்கிற பொருளில் உங்கள் பெயரை அடித்து, நாலு பேர் பார்க்கக் கொடுக்க முடியுமா? முடிந்தால் பயமில்லை. "பேர் வேண்டாம், பிளெயினாவே இருக்கட்டும், வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்க" என்று யாராவது ஆர்டர் கொடுத்தால், அந்த ஆர்டரை நான் எடுப்பதில்லை. இப்படிச் சில நல்ல ஆர்டர்களை விட்டிருக்கிறேன். வருத்தமில்லை என்று சொன்னால் பொய்.

வரி விஷயமும் கொஞ்சம். 2022 ஜூலை 1 முதல், உங்கள் டீலருக்கோ ஏஜெண்டுக்கோ வியாபாரத் தொடர்பில் ஒரு வருஷத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் பொருளாகக் கொடுத்தால், அதற்கு 10 சதவீதம் வருமான வரி பிடித்துக் கட்ட வேண்டும். மோட்டார் பைக்கும் தாய்லாந்து டூரும் கொடுக்கிறவர்களுக்கு இது பொருந்தும். காலண்டருக்கு வராது. ஜி.எஸ்.டி.யில், அன்பளிப்பாகக் கொடுத்துவிட்ட பொருளுக்கு உள்ளீட்டு வரி எடுக்க முடியாது. பலர் எடுத்துவிட்டுப் பிறகு நோட்டீஸ் வாங்குகிறார்கள். மற்றதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், என்னை நம்பி எதையும் செய்யாதீர்கள்.

கடைசியாக, செல்போனில் தேதி இருக்கும்போது காலண்டர் எதற்கு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். 2020 செப்டம்பரில் மத்திய நிதியமைச்சகமும் அப்படித்தான் சொன்னது. அமைச்சகங்கள், பொதுத்துறை நிறுவனங்கள், அரசு வங்கிகள் யாரும் சுவர்க் காலண்டர், டைரி, வாழ்த்து அட்டை அச்சடிக்க வேண்டாம், எல்லாம் டிஜிட்டலில் இருக்கட்டும் என்று உத்தரவு. கொரோனாவில் ஏற்கெனவே படுத்துக் கிடந்த சிவகாசி அச்சகங்களுக்கு அது பெரிய அடி. என் தொழில் என்பதால் எனக்கு அதில் கோபம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அந்த வருஷம் பேங்க் கவுண்டர்களில் பென்ஷன் வாங்க வந்த பெரியவர்கள், "காலண்டர் இல்லையா சார்?" என்று கேட்டுவிட்டு நின்றதைப் பார்த்தவர்களுக்கு, பேங்குக்கு மிச்சமானது எவ்வளவு, போனது எவ்வளவு என்று தெரியும். செல்போனில் தேதி இருக்கலாம். அது உள்ளங்கையில், ஒருவருக்கு மட்டும். திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பதுவரை ராகு காலம் என்பதைக் கூடத்தில் இருக்கிற எல்லோரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்து பார்க்கச் சுவர்தான் வேண்டும்.

சங்கத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அந்தக் கடிகாரமும் ஒரு பெயிண்ட் கம்பெனி டீலர் மாநாட்டில் கொடுத்ததுதான் என்று அவரே மேடைக்கு வருமுன் என்னிடம் சொன்னார். ஆடி பதினெட்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: போன வருஷம் கொடுத்த காலண்டர்கள் எத்தனை வீட்டில் மாட்டியிருக்கிறது என்று பையனை விட்டு ஒரு பத்து வீட்டிலாவது பார்த்துவரச் சொல்லுங்கள். அந்த எண்ணிக்கையோடு வந்து ஆர்டர் கொடுங்கள். கேள்விகள் இருந்தால் கேட்கலாம். லோகோவைப் பெரிதாக்க முடியுமா என்ற கேள்வி மட்டும் வேண்டாம்.